எந்தச் சிவப்பு?

'சிவப்பு பெயிண்ட் ஒரு லிட்டர்' என்று கடையில் கேட்டுப் பாருங்கள். 'எந்தச் சிவப்பு?' என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். பி.காம். படித்த எனக்குத் தெரிந்த ஒரே சிவப்பு, நஷ்டக் கணக்கில் வருகிற சிவப்புதான்!

எங்கள் ஊர் கல்வராயன் மலை அடிவாரத்தில், கோமுகி அணைக்குப் பக்கத்தில். 1984-ல் அப்பா வாங்கிய மாஸே ஃபெர்குசன் டிராக்டர், மரவள்ளிக்கிழங்கும் கரும்பும் இழுத்து எங்களைப் படிக்க வைத்தது. அப்புறம் கொட்டகையில் கோழி முட்டையிடும் இடமாகிவிட்டது. எழுபத்தெட்டு வயதில் அப்பாவுக்கு ஓர் ஆசை. "வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரி அதை ஒரு தடவை பாத்துடணும்டா!"

இன்ஜின் ஒரே வாரத்தில் பேசிவிட்டது. படுத்தியது கலர்தான்.

இங்கிலாந்தில் 1946 முதல் 1956 வரை தயாரான குட்டி ஃபெர்குசன் டிராக்டர் சாம்பல் நிறம். மாஸே-ஹாரிஸ் டிராக்டர் சிவப்பு. 1953-ல் இரண்டு கம்பெனியும் 'கல்யாணம்' செய்துகொண்டன. கொஞ்ச வருடத்தில் பானெட் சிவப்பு, இன்ஜின் சாம்பல் என்று சமரசம்! சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபே வழியாக அந்த ஜோடி நம்ம ஊருக்கும் வந்தது.

எங்கள் பானெட்டோ வெயிலில் வெளுத்துச் சாயம் போன புடவை மாதிரி இருந்தது. கள்ளக்குறிச்சி பெயிண்டர் அண்ணன் சிரித்தார். "வெயில் படாத இடத்துல பாருங்க தம்பி, வண்டியே கலரைச் சொல்லும்." பெயர்த் தகட்டைக் கழற்றினால்... அட, அடியில் நேற்று அடித்த மாதிரி சிவப்பு!

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் தண்ணீர் தொட்டே தேய்த்தார். இந்தியத் தரப் பட்டியலில் சிக்னல் ரெட்டுக்கு 537, போஸ்ட் ஆபீஸ் ரெட்டுக்கு 538 என்று நம்பரே உண்டு. இரண்டும் ஒத்து வரவில்லை. கலந்துதான் பிடிக்க வேண்டியிருந்தது. ராத்திரி ட்யூப்லைட்டில் இரட்டைப் பிள்ளைகளாக இருந்தவை, காலை வெளிச்சத்தில் பங்காளிகளாகிவிட்டன! உள்ளே சேர்கிற நிறமிகள் வேறு வேறு என்றால் அப்படித்தான் ஆகுமாம். சிவப்புக்கு அடிப்பூச்சை மறைக்கிற சக்தியும் குறைவு. அதனால் அதே ப்ரைமர் பூசிய தகரத் துண்டில் அடித்து, காயவைத்து, பகலில் பார்த்தோம். மூன்றாவது தகரம் அச்சாகப் பொருந்தியது.

அப்பாவிடம் காட்டினேன். "இது செங்கல் கலர்டா. நம்ம வண்டி இல்ல."

தகட்டடிச் சிவப்பையே காட்டினேன். "அதுவும் செங்கல்தான்!"

பெயிண்டர் அண்ணன் என்னைத் தனியே அழைத்தார். "தம்பி, பெயிண்ட்ல குத்தமில்ல. பெரியவர் கண்ணை ஒரு தடவை காட்டுங்க."

காட்டினோம். இரண்டு கண்ணிலும் முற்றிய புரை. புரை விழுந்தால் கண்ணின் லென்ஸ் மஞ்சளும் பழுப்புமாகிவிடுகிறது; உலகமே பழைய கண்ணாடி வழியாகத் தெரிகிறது. கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் அவருக்கே தெரியவில்லை. வண்டியின் தகட்டைக் கழற்றிப் பார்த்த எனக்கு, அப்பா தினமும் பேப்பரை ஜன்னல் பக்கம் கொண்டுபோனது கண்ணில் படவில்லை.

ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த மறுநாள் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். அதே மூன்றாவது தகரத்தின் சிவப்பு, பானெட் முழுக்க. ரொம்ப நேரம் பேசாமல் நின்றார். பிறகு தடவிப் பார்த்தார்.

"இதாண்டா... இதேதான்!"

எனக்குத் தொண்டை அடைத்தது. அதற்குள் அவர் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டார்.

"ஏண்டா, வீட்டுக்கு எவன்டா இப்படிக் கண்ணு கூசற மாதிரி நீலம் அடிச்சான்?"

போன பொங்கலுக்குப் பக்கத்திலேயே நின்று, 'இன்னும் கொஞ்சம் நீலம் போடு' என்று அடிக்க வைத்தவர் சாட்சாத் அவரேதான்!