கொட்டாங்குச்சிக் கரியில் ஓடுமா பேட்டரி?

திருவண்ணாமலையில் உடைபடும் தேங்காய்க்குக் குறைவில்லை. கொட்டாங்குச்சிதான் அடுப்புக்குப் போய்விடுகிறது! காங்கேயம் பக்கம் இதையே சுட்டுக் கரியாக்கி விற்கிறார்கள். அந்தக் கரியைச் சுமார் 900 டிகிரி சூட்டில் நீராவி பாய்ச்சினால் நுண்துளைகள் திறந்து ‘ஆக்டிவேட்டட் கார்பன்’ ஆகிறது. ஒரு கிராம் கரிக்குள் சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு, அதாவது 25 சென்ட் நிலம்!

தாத்தாவின் காது மெஷினில் இருக்கும் துத்தநாக பேட்டரி, காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துத்தான் மின்சாரம் தருகிறது. அந்த வினையை விரைவுபடுத்தப் பிளாட்டினம் சிறந்தது, விலைதான் எட்டாது. கரியோடு யூரியா கலந்து, காற்றுப் படாமல் மறுபடி சுட்டால், நைட்ரஜன் கரியின் மேற்பரப்பில் பிணைகிறது. காரக் கரைசலில் இந்தக் கரி நன்றாகவே வேலை செய்கிறது. அமிலத்தில் இன்னும் பிளாட்டினம்தான் முன்னால்.

இது பெரும்பாலும் ஆய்வுக்கூட அளவில்தான் இருக்கிறது. ‘பேட்டரி கரி’ என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மண், நார் நீக்கிக் காயவைத்த கொட்டாங்குச்சியைக் கரி சுடுபவர்களிடம் விலை பேசுங்கள். யூரியாவை வீட்டில் சுட்டுப் பார்க்க வேண்டாம்; நச்சுப்புகை வரும்.