ஒரு கணினிக்குள் இரண்டு கூடங்கள்



ஏலக்காய் மூட்டை எடை போடுகிறவனுக்குக் கணினி வலையமைப்பில் என்ன வேலை என்று கேட்பீர்கள். குமுளி, கட்டப்பனை, கொழிஞ்சாம்பாறை என்று எல்லையோரத்தில் கடை வைத்திருக்கும் நம்மவர் பலரிடம் இன்று கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கணினி இருக்கிறது. அது முடங்கினால் வியாபாரமும் முடங்குகிறது. நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் நமக்குத் தெரிந்த ஓர் உதாரணம். ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்கும் இடங்கள் இரண்டு: மலைமேல் வண்டன்மேட்டுக்கு அருகே புத்தடி, மலைக்குக் கீழே போடிநாயக்கனூர். புத்தடிக் கூடத்தில் உட்கார்ந்தவர் போடி ஏலத்தில் விலை கேட்க முடியாமல் இருந்தது. 2021-இல் ஸ்பைசஸ் போர்டு இரண்டையும் மேகக் கணிமை வழியாக இணைத்தது. அதன்பின் ஓரிடத்தில் இருந்தபடியே மற்ற இடத்து ஏலத்தில் பங்கெடுக்க முடிந்தது. கூடங்கள் இரண்டாகவே இருந்தன. நடுவில் ஒரு வழி உண்டானது, அவ்வளவுதான். என் கணினியில் வந்த கோளாறும் இதே கதைதான்.

கடையில் இருப்பது ஒரே கணினி. அதற்குள் ஹைப்பர்-வி என்ற மென்பொருளால் இரண்டு மெய்நிகர் கணினிகள், அதாவது வெர்ச்சுவல் மெஷின்கள், ஓடுகின்றன. ஒன்றில் விண்டோஸ் 7. பல வருஷத்துப் பாக்கிக் கணக்கு அதில்தான். இன்னொன்றில் விண்டோஸ் 10, ஜி.எஸ்.டி. பில் போடுவது அதில். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடன் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றதால், அமைத்துக் கொடுத்த தம்பி அதை இணையத்தில் விடாமல் தனி சுவிட்சில் வைத்துவிட்டார். நல்ல காரியம். ஆனால் அப்படிச் செய்ததை எங்கும் எழுதி வைக்கவில்லை.

பிறகு ஒரு மாதம், 20-ஆம் தேதி ரிட்டர்ன் போட வேண்டும். 18-ஆம் தேதி பழைய கணக்கை எடுக்கப் போனால் ஒன்றை ஒன்று அறியவே இல்லை. வந்து பார்த்த ஒருவர் புதுக் கணினி வாங்கச் சொன்னார். இன்னொருவர் பாதுகாப்புச் சுவரை மொத்தமாக அணைக்கச் சொன்னார். இரண்டையும் கேட்காமல் இரவு உட்கார்ந்து படித்தேன்.

சுவிட்ச் என்றதும் விளக்குப் பொத்தானை நினைக்காதீர்கள். வலையமைப்பில் சுவிட்ச் என்பது ஏலக்கூடம் மாதிரி. ஒரு கணினி இன்னொன்றைத் தேடும்போது, "இந்த எண்ணுக்கு உரியவர் யார்?" என்று கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கூவும். இந்தக் கூவலுக்கு ஏ.ஆர்.பி. என்று பெயர். கூவல் கூடத்துச் சுவரைத் தாண்டாது. இரண்டு சுவிட்சும் ஒரே பெட்டிக்குள் இருந்தாலும், இடையில் வழி வைக்காவிட்டால் அவை போடியும் புத்தடியும்தான்.

ஹைப்பர்-வியில் கூடம் மூன்று வகை. எக்ஸ்டர்னல் என்பது உண்மையான வலையட்டையோடு சேர்ந்து வெளியுலகைப் பார்ப்பது. இன்டர்னல் என்பது மெய்நிகர் கணினிகளோடு தாய்க் கணினியும் பேசக்கூடியது. பிரைவேட் என்பது உள்ளே இருப்பவர் தங்களுக்குள் மட்டும் பேசுவது. தாய்க் கணினிக்கே அங்கு இடமில்லை.

நான் தேடிய வரிசை இது.

முதலாவது, யார் எந்தக் கூடத்தில்? அமைப்புகளில் நெட்வொர்க் அடாப்டர் பகுதியைப் பார்த்தேன். பழையது பிரைவேட்டில், புதியது எக்ஸ்டர்னலில். பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

இரண்டாவது, முகவரி. ஐபிகான்ஃபிக் என்று தட்டினால் பழைய கணினி 169.254 என்று தொடங்கும் எண்ணைக் காட்டியது. முகவரி தருகிறவர் யாரும் அந்தக் கூடத்தில் இல்லை, அதனால் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். கையால் 192.168.10.5 என்று கொடுத்தேன்.

மூன்றாவது, வழி. பில் கணினிக்கு இரண்டாவது நெட்வொர்க் அடாப்டர் ஒன்றைச் சேர்த்து, அதைப் பிரைவேட் சுவிட்சில் மாட்டி, 192.168.10.6 என்று முகவரி கொடுத்தேன். இரண்டுக்கும் மாஸ்க் 255.255.255.0. புதிய அடாப்டரில் கேட்வே கட்டத்தைக் காலியாக விட வேண்டும். கேட்வே இரண்டு இருந்தால் கணினி வெளியே போகும் வழியில் குழம்பும். இப்போது பில் கணினிக்கு இரு கூடத்திலும் ஒரு கால். பழையது இன்னமும் இணையத்துக்கு வெளியேதான்.

நான்காவது, கதவு. அப்படியும் பிங் பதில் தரவில்லை. ஏ.ஆர்.பி. பட்டியலைப் பார்த்தால் 192.168.10.5-க்கு நேரே அதன் வன்பொருள் முகவரி வந்திருந்தது. அப்படியென்றால் பாதை சரி, கதவுதான் சாத்தியிருக்கிறது. கேட்வே இல்லாத வலையை விண்டோஸ் பொது இடம் என்று கருதிக் கோப்புப் பகிர்வை மூடிவிடும். பழைய கணினியின் பாதுகாப்புச் சுவரில், 192.168.10.6-க்கு மட்டும் பிங்கையும் கோப்புப் பகிர்வையும் அனுமதித்தேன். கணக்கு வந்துவிட்டது. 19-ஆம் தேதியே ரிட்டர்ன் போட்டாயிற்று.

கூடத்துக்குப் பல கணினிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு அடாப்டர் மாட்டிக்கொண்டிருக்க முடியாது. இரு சுவிட்சிலும் கால் வைத்த ஒரு ரவுட்டர் வேண்டும். அங்கே பலரும் சறுக்குவது திரும்பும் வழியில்: போகிற கடிதத்துக்குப் பாதை சொல்லிவிட்டு, பதில் வருவதற்குச் சொல்ல மறந்துவிடுவார்கள். வி.எம்.வேர், விர்ச்சுவல்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்குப் பெயர்கள் மாறும். தேடும் வரிசை மாறாது.

கடைசியாக ஒன்று. கூடத்தைப் பிரித்து வைத்தது தப்பே இல்லை, அது பாதுகாப்பு. பிரித்ததை எழுதி வைக்காததுதான் தப்பு. இன்று என் கல்லாப்பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது: எந்தக் கணினி, எந்தச் சுவிட்ச், என்ன எண். உங்கள் கடையிலும் இன்றே எழுதி ஒட்டிவிடுங்கள்.