இரை வேண்டாத தூண்டில்

வயலையும் தோட்டத்தையும் விட்டுக் கடலோரத்தில் குடியேறிய விவசாயிக்குக் கடல் புதியது. வள்ளமும் வலையும் வாங்க வசதியில்லை. தூண்டில் போடுவோமென்றால் இறாலோ கணவாயோ இரையாக வேண்டும். இரைக்குக் கொடுக்கும் காசுக்கு ஒருநேரக் கறியையே வாங்கிவிடலாம். இந்நிலையில் உலோகத்தால் செய்த பொய் இரை நமக்கு உதவக்கூடும்.

பாரை, சீலா, கட்டா போன்ற மீன்கள் சிறுமீன்களைக் கண்ணாற் கண்டு துரத்திப் பிடிப்பவை. நீருக்குள் பளபளத்து அசையும் உலோகத் துண்டைச் சிறுமீன் என எண்ணிக் கவ்வுகின்றன. இது புதுமையன்று. பசிபிக் தீவு மக்கள் முத்துச்சிப்பி ஓட்டில் இத்தகைய இரைகளை நெடுங்காலமாகச் செய்துவந்தனர். அமெரிக்கரான ஜூலியோ புவெல் 1852இல் உலோகத் தூண்டிலுக்குக் காப்புரிமை பெற்றார்.

செய்யும் முறை

பழைய உருக்குக் கரண்டியின் காம்பை வெட்டி நீக்குங்கள். வெட்டிய விளிம்பை அரத்தால் தேயுங்கள். இரு முனைகளிலும் துளையிட்டு வளையம் மாட்டுங்கள். ஒன்றில் தூண்டில் முள்ளையும் மற்றதில் ஒரு சாண் மெல்லிய கம்பியையும் கட்டுங்கள். சீலாவின் பல் தங்கூசியை அறுத்துவிடும். கம்பி அதைத் தடுக்கும். தங்கூசியை வெறும் போத்தலில் சுற்றுங்கள். போத்தல் வாயைக் கடல்பக்கம் பிடித்து எறிந்தால் தங்கூசி தானாகக் கழன்று ஓடும். பின் நிறுத்தாமல் இழுங்கள். கரண்டியின் வளைவே அதை ஆடச் செய்யும்.

கலங்கிய நீரில் இது பயன்தராது. ஆழமில்லாத கல்லுத் தரையில் முள் சிக்கும். தெளிந்த நீரில், ஆழம் தொடங்கும் இடத்தில், விடியலிலும் மாலையிலும் முயல்வதே நன்று.

கவனம்

எறியும்போது பின்னால் பிள்ளைகள் நிற்கக் கூடாது. பழைய பற்றரி ஈயத்தை வீட்டில் உருக்கி இரை வார்க்கவே வேண்டாம். அதன் புகையும் தூசும் நஞ்சு. சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். கெட்டது பின்னர் சீராகாது. ஒருநாள் கறிக்காக அந்த விலையைக் கொடுக்க முடியுமா?

இன்னொன்று: கரைக்கும் உரியவர்கள் உண்டு. நம் வரம்பில் பிறர் நடந்தால் நாம் கேட்பதில்லையா? முதலில் அவ்வூர்க் கடற்றொழிலாளர் சங்கத்தாரிடம் கேளுங்கள். வலை விரித்த இடத்தில் எறியாதீர்கள். எந்தக் காற்றில் எந்த மீன் கரையை அண்டும் என்பதை அவர்களே அறிவார்கள்.

இது குடும்பத்தைத் தாங்கும் தொழிலாகாது. சில நாள் வெறுங்கையோடும் திரும்புவோம். ஆனால் கிடைக்கும் ஒரு பாரை, பிள்ளைகளின் சோற்றுக்குக் கறியாகும்.