பால்கன் எல்லைகளைக் காரில் கடக்கும் முன்: ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்போம்

கடந்த கோடை விடுமுறையில் ஜெர்மனியில் வசிக்கும் சகோதரர் ஒருவர் நம்மை அலைபேசியில் அழைத்தார். குரோஷியாவிலிருந்து போஸ்னியாவுக்குள் நுழையும் எல்லைச் சாவடியில், கார் வரிசையின் நடுவே நின்றுகொண்டிருந்தார். "ஹஜ்ரத், அஸர் நேரம் போய்க்கிட்டே இருக்கு. வண்டியை விட்டு இறங்க முடியல. என்ன செய்யலாம்?" என்று கேட்டார். அதற்கான பதிலைச் சொன்னோம். ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் அழைத்தார். இம்முறை கேள்வி மார்க்கச் சட்டம் பற்றியது அல்ல. ஊரிலிருந்து மகனைப் பார்க்க வந்திருந்த அவருடைய உம்மாவை போஸ்னிய அதிகாரிகள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

காரணம், உம்மாவின் பாஸ்போர்ட்டில் ஒட்டப்பட்டிருந்த ஷெங்கன் விசா ஒருமுறை நுழைவுக்கானது. குரோஷிய அதிகாரிகள் ஏற்கெனவே வெளியேறும் முத்திரையைக் குத்திவிட்டார்கள். போஸ்னியா உள்ளே விடவில்லை. குரோஷியர்கள் அந்த முத்திரையை ரத்து செய்து திரும்ப ஏற்றுக்கொள்ளும் வரை, இரண்டு சாவடிகளுக்கும் நடுவே நான்கு மணி நேரம் அந்தக் குடும்பம் வெயிலில் நின்றது. சரயேவோவின் காஸி ஹுஸ்ரவ் பேக் பள்ளிவாசலில் இரண்டு ரக்அத் தொழ வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்தவர் உம்மா. "என்னாலதானே பிள்ளைங்க பயணம் கெட்டுப்போச்சு" என்று அவர் அழுத அழுகையைச் சொல்லும்போது சகோதரரின் குரலும் உடைந்தது.

தவறு உம்மாவுடையது அல்ல. விசாவில் இருந்த ஒரு எண்ணை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இந்தக் கட்டுரையை எழுத அதுவே காரணம். ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டலாமா என்று கேட்ட தோழருக்கு, முதலில் அதைக் கட்டு, பிறகு தவக்குல் வை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். காரில் எல்லை கடப்பவருக்கும் அதுவே பாடம்.

எந்த எல்லையில் சோதனை, எந்த எல்லையில் இல்லை?

பால்கன் வரைபடத்தைப் பார்க்கும்போது முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இது. குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று ஷெங்கன் பகுதியில் இணைந்தது. பல்கேரியாவுக்கும் ருமேனியாவுக்கும் 2025 ஜனவரி 1 முதல் தரைவழி எல்லைகளும் திறந்தன. எனவே ஆஸ்திரியாவிலிருந்து ஸ்லோவேனியா வழியாக குரோஷியாவுக்கும், ஹங்கேரியிலிருந்து ருமேனியா, பல்கேரியா, கிரேக்கம் வரைக்கும் பாஸ்போர்ட் சாவடிகளில் வரிசை நிற்க வேண்டியதில்லை. இடையிடையே திடீர்ச் சோதனை நடக்கலாம்.

போஸ்னியா, செர்பியா, மாண்டினீக்ரோ, கொசோவோ, வடக்கு மாசிடோனியா, அல்பேனியா ஆகிய ஆறும் ஷெங்கனுக்கு வெளியே இருக்கின்றன. முஸ்லிம்கள் அதிகமாக வாழும் பகுதிகளும், நம் குடும்பங்கள் பார்க்க விரும்பும் பழம்பெரும் பள்ளிவாசல்களும் பெரும்பாலும் இங்கேதான் உள்ளன. ஆக, நெரிசலான எல்லைகளைத் தவிர்க்க வழியில்லை. ஒவ்வொரு எல்லையிலும் பொதுவாக இரண்டு முறை நிற்க வேண்டும்: வெளியேறும் நாட்டின் சாவடியில் ஒருமுறை, நுழையும் நாட்டின் சாவடியில் ஒருமுறை. சுங்கச் சோதனை அதற்கு மேல்.

ஏன் இவ்வளவு கூட்டம்?

1961-ல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடும், 1968-ல் அன்றைய யூகோஸ்லாவியாவோடும் தொழிலாளர் ஒப்பந்தம் செய்தது. அப்படிப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் கோடையில் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்திலிருந்து காரில் சொந்த ஊர் திரும்புகிறார்கள். வளைகுடாவிலிருந்து நம்மவர்கள் விடுமுறைக்கு ஊர் வருவது போன்றதுதான் இதுவும். வித்தியாசம் என்னவென்றால், இவர்கள் எல்லோரும் ஒரே நெடுஞ்சாலைகளில் வருகிறார்கள்.

அதனால் ஹங்கேரி–செர்பியா எல்லையில் ரோஸ்கே–ஹோர்கோஷ், குரோஷியா–செர்பியா எல்லையில் பாயகோவோ–பத்ரோவ்ட்சி, செர்பியா–பல்கேரியா எல்லையில் கிராடினா–கலோடினா, பல்கேரியா–துருக்கி எல்லையில் கபிதான் ஆந்த்ரீவோ–கபிகுலே ஆகிய சாவடிகளில் பல மணி நேரம் காத்திருப்பது சாதாரணம். ஜூன் கடைசி முதல் ஜூலை வரை தென்கிழக்கு நோக்கிய கூட்டமும், ஆகஸ்ட் பிற்பகுதியில் வடமேற்கு நோக்கிய கூட்டமும் அதிகம். வெள்ளி மாலையும் சனி, ஞாயிறும் மிக மோசம். இரு பெருநாட்களை ஒட்டிய நாட்களிலும் இதே நிலைதான். செவ்வாய், புதன் கிழமைகளில் எல்லையைக் கடக்கும்படி திட்டமிட்டாலே பாதிச் சிரமம் குறையும்.

புறப்படும் அன்று குரோஷியாவின் 'ஹாக்', செர்பியாவின் 'ஏஎம்எஸ்எஸ்', போஸ்னியாவின் 'பிஹாம்க்' ஆகிய வாகன ஓட்டிகள் சங்கங்கள் தரும் எல்லை நிலவரத்தைப் பாருங்கள். பெரிய சாவடி நெரிசலாக இருந்தால் பக்கத்துச் சாவடிக்குப் போகலாம். ஆனால் வரைபடத்தில் தெரியும் சிறிய சாவடிகளில் சில உள்ளூர் மக்களுக்கு மட்டுமானவை, சில இரவில் மூடப்படும். உறுதி செய்யாமல் திரும்பிவிடாதீர்கள்.

காரில் உள்ள ஒவ்வொருவரின் ஆவணத்தையும் தனித்தனியாகப் பாருங்கள்

நம் குடும்பங்களில் ஒரே காரில் மூன்று வகைப் பாஸ்போர்ட் இருப்பது அபூர்வம் அல்ல. வாப்பாவிடம் இந்திய அல்லது இலங்கைப் பாஸ்போர்ட்டும் ஜெர்மன் குடியிருப்பு அட்டையும், பிள்ளைகளிடம் ஐரோப்பியப் பாஸ்போர்ட், ஊரிலிருந்து வந்த பாட்டியிடம் சுற்றுலா விசா. "நமக்கு விசா தேவையில்லை" என்று குடும்பத்துக்கே பொதுவாக முடிவு செய்வதுதான் ஆபத்து.

ஷெங்கன் விசா ஒட்டியில் நுழைவுகளின் எண்ணிக்கைக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 01 என்றிருந்தால், ஷெங்கனை விட்டு வெளியேறியதும் அந்த விசா முடிந்துவிடும், திரும்ப நுழைய முடியாது. 02 என்றால் ஒருமுறை வெளியே போய்த் திரும்பலாம். 'மல்ட்' என்றிருந்தால் செல்லுபடியாகும் காலத்துக்குள் பலமுறை நுழையலாம். பால்கன் நாடுகளில் பல, பலமுறை நுழைவு ஷெங்கன் விசாவையோ குடியிருப்பு அட்டையையோ ஏற்று, தனி விசா இல்லாமல் சில நாட்கள் தங்க விடுகின்றன. ஆனால் நாட்களும் நிபந்தனைகளும் நாட்டுக்கு நாடு மாறும், அடிக்கடி திருத்தவும் படும். எனவே கடந்து செல்லும் ஒவ்வொரு நாட்டின் வெளியுறவு அமைச்சகத் தளத்திலும், ஒவ்வொரு பாஸ்போர்ட்டுக்கும் தனியாகப் பாருங்கள்.

பெரியவர்களை ஊரிலிருந்து அழைக்கும்போதே பயணத் திட்டத்தைக் காட்டி, பலமுறை நுழைவு விசாவுக்கு விண்ணப்பியுங்கள். அது கிடைக்காவிட்டால் குரோஷியக் கடற்கரையோடு பயணத்தை முடித்துக்கொள்ளலாம். அங்கும் முன்பு ஒரு சிக்கல் இருந்தது. டுப்ரோவ்னிக் போகும் கடலோரச் சாலை, போஸ்னியாவுக்குச் சொந்தமான நெயும் ஊரின் வழியே சென்று இரண்டு எல்லைகளைக் கடக்க வைத்தது. 2022 ஜூலையில் பெல்யேஷாட்ஸ் பாலம் திறந்த பிறகு குரோஷியாவுக்குள்ளேயே போய்விடலாம். வழிகாட்டிச் செயலி நெயும் வழியைக் காட்டினால் அதை ஏற்காதீர்கள்.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு எந்த 180 நாட்களிலும் 90 நாள் என்ற ஷெங்கன் வரம்பு உண்டு. மேலும் 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த புதிய நுழைவு–வெளியேற்றப் பதிவு முறையில், குறுகிய காலம் தங்க வருகிற ஐரோப்பிய ஒன்றியம் சாராதவர்களின் முகப்படமும் கைரேகையும் எடுக்கப்படுகின்றன. 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கைரேகை இல்லை. ஷெங்கன் நாட்டின் குடியிருப்பு அட்டை உள்ளவர்களுக்கு இந்தப் பதிவு இல்லை, எனவே அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து நீட்டுங்கள். முகத்திரை அணியும் சகோதரிகள் அடையாளம் காட்ட முகத்தைத் திறக்க வேண்டிவரும். பெண் அதிகாரி இருந்தால் நல்லது என்று பணிவாகக் கேட்கலாம்.

தாய் அல்லது தந்தையில் ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு போவதாக இருந்தால், மற்றவரின் நோட்டரி சான்றளித்த சம்மதக் கடிதத்தை எடுத்துச் செல்லுங்கள். உறவினர் வீட்டிலோ தனியார் வாடகை வீட்டிலோ தங்கினால், செர்பியா, போஸ்னியா, மாண்டினீக்ரோவில் குறுகிய நேரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். ஹோட்டலில் தங்கினால் அவர்களே பதிந்துவிடுவார்கள்.

கொசோவோ பற்றித் தனியாக ஒரு சொல்

கொசோவோ 2008 பிப்ரவரி 17 அன்று சுதந்திரத்தை அறிவித்தது. செர்பியா அதை ஏற்கவில்லை. ஆகவே அல்பேனியா அல்லது வடக்கு மாசிடோனியா வழியாக கொசோவோவுக்குள் போய், அங்கிருந்து நேராக செர்பியாவுக்குள் நுழைய முயன்றால், முறையான நுழைவு முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பப்படலாம். பிரிஸ்ரன் நகரின் சினான் பாஷா பள்ளிவாசலைப் பார்த்துவிட்டு செர்பியாவின் நோவி பஸாருக்கும் போக நினைப்பவர்கள், முதலில் செர்பியாவுக்குள் நுழைந்து, பிறகு கொசோவோ போய், செர்பியா வழியாகவே திரும்புவது பாதுகாப்பு. இந்தியாவும் இலங்கையும் கொசோவோவை அங்கீகரிக்கவில்லை. அங்கே பாஸ்போர்ட் தொலைந்தால் நம் தூதரகம் அந்த நாட்டில் இருக்காது. இதை மனதில் வைத்து ஆவணங்களைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்.

கார் காப்பீட்டின் கிரீன் கார்டு கொசோவோவில் செல்லாது, எல்லையிலேயே தனிக் காப்பீடு வாங்க வேண்டும். மற்ற நாடுகளுக்குக் கிரீன் கார்டில் அந்நாட்டின் குறியீடு அடிக்கப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வாடகைக் காராக இருந்தால் எந்தெந்த நாடுகளுக்கு அனுமதி என்று எழுத்தில் வாங்குங்கள்.

வரிசையும் தொழுகையும்

சுமார் 80 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்பவர் ஊர் எல்லையைத் தாண்டியதும் நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். ஷாஃபிஈ மத்ஹபினர் ளுஹரோடு அஸரையும், மஃரிபோடு இஷாவையும் சேர்த்துத் தொழலாம். அந்தச் சகோதரர் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர். வரிசைக்குள் நுழையும் முன், ஏதேனும் ஓய்விடத்தில் ளுஹர் நேரத்திலேயே அஸரையும் முற்படுத்திச் சேர்த்துத் தொழுதிருந்தால் அந்தத் தவிப்பே இருந்திருக்காது. ஹனஃபி மத்ஹபினர் ளுஹரை அதன் கடைசி நேரத்திலும், அஸரை அதன் ஆரம்ப நேரத்திலும் அடுத்தடுத்துத் தொழும் வகையில் நிறுத்தத்தை அமைத்துக்கொள்ளலாம்.

ஆனால் சுப்ஹை எதனோடும் சேர்க்க முடியாது. கூட்டம் குறைவு என்று அதிகாலையில் எல்லைக்குப் போகச் சொல்வார்கள், அது சரியான யோசனைதான். ஜூலையில் சரயேவோ பக்கம் சூரியன் காலை 5 மணியை ஒட்டி உதித்துவிடும். எனவே எல்லைக்குச் சற்று முன்பே நிறுத்தி, சுப்ஹைத் தொழுத பிறகு வரிசையில் சேருங்கள். வரிசையில் மாட்டிக்கொண்டால் ஓட்டுநர் வண்டியில் இருக்க, மற்றவர் மாறி மாறி இறங்கித் தொழலாம். இரண்டு ரக்அத்துக்குச் சில நிமிடங்கள் போதும். ஒரு பாட்டில் தண்ணீரை உளூவுக்கென்று தனியே வையுங்கள். கிப்லா இங்கே தென்கிழக்கு. ஊரில் மேற்கு நோக்கித் தொழுது பழகிய பெரியவர்கள் பழக்கத்தில் அந்தப் பக்கம் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று. போஸ்னியாவில் 1992–95 போரில் புதைத்த கண்ணிவெடிகள் இன்னும் முழுமையாக அகற்றப்படவில்லை. தொழவோ இயற்கைத் தேவைக்கோ ஆளில்லாத புல்வெளிக்குள்ளும் காட்டுக்குள்ளும் இறங்காதீர்கள். மண்டை ஓடு வரைந்த சிவப்புப் பலகை எச்சரிக்கைக் குறி, ஆனால் பலகை இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பானது என்று எண்ண வேண்டாம். தார்ச்சாலை, பெட்ரோல் நிலையம், பள்ளிவாசல் வளாகம் ஆகியவற்றிலேயே நில்லுங்கள்.

டிக்கியில் என்ன இருக்கிறது?

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரக் கூடாது. சரயேவோவில் ஹலால் இறைச்சி கிடைக்கிறதே என்று வாங்கி வைத்தால் குரோஷிய எல்லையில் அது குப்பைக்குப் போகும், அபராதமும் வரலாம். 10,000 யூரோ அல்லது அதற்கு மேல் ரொக்கம் இருந்தால் அறிவிக்க வேண்டும். யாரோ கொடுக்கும் பொட்டலத்தை உள்ளே பார்க்காமல் வாங்காதீர்கள். அமானத் என்ற பெயரில் வரும் சோதனை அது.

அதிகாரி கேட்டால் உண்மையை மட்டும், சுருக்கமாகச் சொல்லுங்கள். வேலை சீக்கிரம் முடிய நோட்டை மடித்து நீட்டுவது லஞ்சம். கொடுப்பவரும் வாங்குபவரும் சாபத்துக்குரியவர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அவசர வாகனத்துக்கான பாதையில் புகுந்து வரிசையை முந்துவதும் பிறர் உரிமையைப் பறிப்பதே. பின்னால் நிற்கும் காரிலும் பசித்த குழந்தை இருக்கலாம்.

மூவர் பயணம் போனால் ஒருவரை அமீராக்கிக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். குடும்பப் பயணத்திலும் அப்படி ஒருவர் வேண்டும். எல்லோரின் பாஸ்போர்ட்டும் விசாவும் அவர் பொறுப்பு. புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு மாலையில் அமர்ந்து, ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கட்டும்.

அந்த உம்மா இப்போது ஊரில் இருக்கிறார். மகன் அடுத்த கோடைக்கு அவரை மீண்டும் அழைக்கிறார், இம்முறை பலமுறை நுழைவு விசாவுக்கு விண்ணப்பித்து. 1531-ல் கட்டப்பட்டு, போரில் குண்டுவீச்சுக்கு உள்ளாகியும் எழுந்து நிற்கும் அந்தப் பள்ளிவாசலில் அவர் நினைத்த இரண்டு ரக்அத்தை அல்லாஹ் நிறைவேற்றித் தருவானாக! நம் அனைவரின் பயணங்களையும் எளிதாக்கி, சென்ற இடத்திலிருந்து நலமாகக் குடும்பத்தாரிடம் திரும்பச் செய்வானாக! ஆமீன்.