மச்சான் வந்தால் பெரியப்பா வரமாட்டார்!

அக்கா மகனின் பிராஜெக்டைக் கவிழ்க்கப் பார்த்தவன் நான்தான். ஒப்புக்கொள்கிறேன்.

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்குத் தர ஆரம்பித்த லேப்டாப்களில் ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் தயாரிப்பு. தஞ்சாவூரில் அக்கா வீட்டிலும் அப்படி ஒன்று. அதில் ஒரு கணக்கு சாஃப்ட்வேர் போட வேண்டும். “மாமா, நீங்க பி.காம்தானே... பாருங்க” என்றான். பார்த்தேன். சாஃப்ட்வேர் ஒரு துணை புரோகிராமைக் கேட்டது. அது இன்னொன்றைக் கேட்டது. அந்த இன்னொன்றுக்கோ, ஏற்கெனவே உள்ளே குடியிருக்கும் பழைய பதிப்பு ஆகவே ஆகாது! ‘இதையெல்லாம் நீக்கட்டுமா?’ என்று நீளமாக ஒரு லிஸ்ட். பாங்க் ஃபாரத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டுப் பழகிய கை... ‘ஒய்’யைத் தட்டிவிட்டேன். திரையை நடத்துகிற புரோகிராமும் அந்த லிஸ்ட்டில் இருந்திருக்கிறது. கறுப்புத் திரை! திங்கட்கிழமை பிராஜெக்ட் கொடுக்க வேண்டிய பையன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... (ஃபைல் பிழைத்தது. அவன் என்னோடு பேச ஒரு வாரம் ஆயிற்று.)

விஷயம் எனக்குப் புரிந்தது, திருவையாற்றில் என் மகளுக்குக் காது குத்தியபோதுதான். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியுமா? ஆக, மச்சான் வந்தாக வேண்டும். மச்சானுக்கும் பெரியப்பாவுக்கும் வாய்க்கால் தகராறு. பெரியப்பா வராவிட்டால் அத்தை வரமாட்டாள். சமையல்காரரோ அத்தை சொன்னால்தான் வருவார்! சண்டையே இல்லையென்றால் எல்லோரையும் கூப்பிட்டுவிட்டுப் போகலாம். சண்டை இருப்பதால், 30 பேரை வருவார், வரமாட்டார் என்று எழுதிப் பார்த்தாலே 107 கோடிக்கு மேல் லிஸ்ட்!

தயாரான லிஸ்ட்டைச் சரிபார்ப்பது சுலபம், கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். டிரையல் பேலன்ஸ் போட்டவர்களுக்கு இது தெரியும். இப்படி நிபந்தனைகளைப் பொருத்தும் கணக்கு எவ்வளவு பொல்லாதது என்று 1971-ல் டொரண்டோவின் ஸ்டீபன் குக் காட்டினார். சாஃப்ட்வேர் நிறுவுவதும் அதே ரகம்தான் என்று 2005 வாக்கில் ‘எடோஸ்’ என்ற ஐரோப்பிய ஆய்வுக் குழு நிரூபித்தது. எல்லாச் சிக்கலுக்கும் பொருந்தும் குறுக்கு வழி உண்டா, இல்லையா என்று நிரூபிப்பவருக்கு அமெரிக்காவின் க்ளே நிறுவனம் 2000-ல் 10 லட்சம் டாலர் அறிவித்தது. பணம் இன்னும் அப்படியே இருக்கிறது.

சில சாஃப்ட்வேர்க்காரர்கள் தந்திரமாக, சண்டைக்காரப் பதிப்புகள் இரண்டையும் தனித்தனி அறையில் குடிவைத்துவிடுகிறார்கள். நானும் அதையேதான் செய்தேன். மச்சானுக்கு முதல் பந்தி, பெரியப்பாவுக்கு இரண்டாவது.

இரண்டாவது பந்தியில் பாயசம் தீர்ந்துவிட்டது.