வார்டில் வந்து ஒட்டும் நோய்

ஒரு நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தவருக்கு, அங்கே படுத்திருக்கும்போது வேறொரு தொற்று பிடித்துக்கொள்வதே மருத்துவமனைத் தொற்று. சேர்ந்து 48 மணி நேரம் கழித்துத் தலைகாட்டினால் அது வார்டில் வந்தது என்பது பொதுவான கணக்கு. அறுவைக் காயத்தில் 30 நாள்களுக்குள் சீழ் பிடித்தால், ஆள் வீடு திரும்பியிருந்தாலும் இந்தக் கணக்கில்தான் சேரும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, மருத்துவமனையில் சேரும் 100 பேரில் பணக்கார நாடுகளில் 7 பேருக்கும், மற்ற நாடுகளில் 15 பேருக்கும் இது நேர்கிறது.

கட்டடம் அழுக்காக இருப்பதே காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான கிருமிகள் நோயாளி தன்னோடு கொண்டுவந்தவை. மூக்கிலும் தோலிலும் ஸ்டெபிலோகாக்கஸ், குடலில் ஈ கோலை, கிளெப்சியெல்லா என எல்லாம் சண்டை சச்சரவில்லாமல் குடியிருப்பவை. சிகிச்சைதான் அவற்றுக்குப் புது வாசல் திறந்துவிடுகிறது. மூத்திரக் குழாய், கழுத்து ரத்தநாளத்தில் செருகும் குழாய், வென்டிலேட்டர் குழாய் ஆகிய மூன்றும் முக்கியமான வாசல்கள். குளத்துப் படியில் பாசி படர்வதுபோல் குழாயின் உட்புறத்தில் கிருமிகள் படலம் கட்டிக்கொள்ளும். அந்தப் படலத்துக்குள் மருந்து எளிதில் இறங்காது. மூத்திரக் குழாயை ஒரு மாதம் வைத்திருந்தால், ஏறத்தாழ எல்லாருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும்.

கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்களுக்கு இது தூரத்துச் செய்தியல்ல. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31 விழுக்காட்டைத் தாண்டியது. இனிப்புநீர் கட்டுக்குள் இல்லாதவருக்குக் காயம் ஆறத் தாமதமாகும், கிருமியை எதிர்க்கும் பலமும் குறையும். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸுக்குப் போகும்போது, கையில் ரத்தநாளங்களை இணைத்து உருவாக்கும் ஃபிஸ்டுலா தயாராகும்வரை கழுத்துக் குழாயே வழி. ஃபிஸ்டுலாவைவிட அந்தக் குழாயில்தான் ரத்தத் தொற்று அதிகம்.

நோயாளி தன்னோடு கொண்டுவராத மற்றக் கிருமிகள் கைமாறி வருபவை. கட்டில் கம்பி, திரைச்சீலை, ஸ்டெதஸ்கோப், கைப்பேசி ஆகியவற்றைத் தொட்ட கை அடுத்த நோயாளியைத் தொடும். அசினெட்டோபாக்டர் காய்ந்த பரப்பில் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சூடோமோனாஸ் கை கழுவும் தொட்டியிலேயே குடியிருக்கும். நெரிசல் இதை இன்னும் கெடுக்கும். 2021 ஜூலையில் கோவிட் நோயாளிகளால் நிரம்பி வழிந்த கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையைப் போன்ற நிலையில், கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடைவெளி ஏது? ஒரு தாதியால் எத்தனை முறைதான் கை கழுவ முடியும்?

நிப்பா வைரஸின் கதை இங்கே பொருந்தும். 1999 மார்ச்சில் கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அதைப் பிரித்தெடுத்தவர் டாக்டர் சுவா காவ் பிங். பன்றிப் பண்ணைகளிலிருந்து பரவிய அந்த நோயில் மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு, 105 பேர் இறந்தார்கள். ஆனாலும் அவர்களைப் பராமரித்த ஊழியர்களிடையே நோய் பரவவில்லை. மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் 2001இல் 66 பேருக்கு நிப்பா கண்டபோது, பெரும்பாலோருக்கு மருத்துவமனையில்தான் ஒட்டியது. 2018இல் கோழிக்கோட்டிலும் அப்படியே. இந்த இரண்டு ஊர்களிலும் பரவிய வகை இருமலோடும் மூச்சுத்திணறலோடும் வருவது. அது என்ன நோயென்று தெரியாத முதல் நாள்களில் வார்டே பரப்பும் இடமாகிவிட்டது.

ஆன்டிபயாட்டிக் மருந்தும் ஒரு காரணம்தான். மெதிசிலின் 1959இல் புழக்கத்துக்கு வந்தது. 1961இல், அதற்கு அடங்காத ஸ்டெபிலோகாக்கஸ் பற்றி இங்கிலாந்திலிருந்து தகவல் வந்துவிட்டது. தேவையில்லாமல் கொடுக்கும் மருந்து குடலின் நல்ல கிருமிகளையும் அழிக்கும். அந்தக் காலியிடத்தில் குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் பெருகிக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும்.

பார்க்க வருபவர்களும் இந்தச் சங்கிலியில் சேர்த்திதான். பிரிக்பீல்ட்ஸிலிருந்து குடும்பமாகக் கிளம்பி, சளி பிடித்த குழந்தையையும் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் உட்காருவது அன்பின் பேரில்தான் நடக்கிறது. குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம், கட்டிலுக்குப் பதில் நாற்காலியில் உட்காரலாம், “இந்தக் குழாய் இன்னும் தேவையா, டாக்டர்?” என்று தினமும் கேட்கலாம். வார்டு வாசலில் இருக்கும் ஆல்கஹால் கைத்திரவத்தை 20 முதல் 30 விநாடி தேய்த்தால் போதும். வயிற்றுப்போக்கு நோயாளியைத் தொட்ட கைக்கு மட்டும் சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். டிஃபிசில் வித்துகள் ஆல்கஹாலில் சாவதில்லை.