நந்தவனத்து மல்லிகைக்கு எரு

அம்பாசமுத்திரம் காசிபநாதர் சந்நிதிக்கு வீட்டு மல்லிகையைத் தொடுத்து எடுத்துச் செல்ல விழையும் அன்பர்கள் சிலர், “செடி தழைக்கிறது, அரும்பைக் காணோம்” என்று குறைப்படுவதுண்டு. பெரும்பாலும் காரணம் யூரியாவை மட்டுமே இடுவதுதான். அதிலுள்ள தழைச்சத்து இலையை வளர்க்கும். அரும்புக்கு மணிச்சத்தும் சாம்பல்சத்தும் உடன் வேண்டும்.

நிலத்தில் வளர்ந்த குண்டுமல்லிச் செடி ஒன்றுக்கு ஆண்டுக்குத் தொழு உரம் 10 கிலோ, தழைச்சத்து 60 கிராம், மற்ற இரண்டும் தலா 120 கிராம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. கடைச் சரக்காக யூரியா 130, சூப்பர் பாஸ்பேட் 750, பொட்டாஷ் 200 கிராம். (வங்கிக்காரனுக்குக் கணக்கு விடுமா!) நவம்பர் இறுதியில் கவாத்து செய்ததும் பாதி, ஜூன், ஜூலையில் மீதி. தொட்டிச் செடிக்கு இவ்வளவு ஆகாது, கருகிவிடும்.

இரசாயன உரம் விரைவில் பசியாற்றும். மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரம் காப்பது மட்கிய எருவே. பச்சைச் சாணத்தை அப்படியே இடலாகாது, கறையான் சேரும்.

சாற்றிக் களைந்த மாலைகளைத் தாமிரபரணியில் விடுவோர் இன்றும் உளர். அந்நீரில்தானே நாம் நீராடுகிறோம்? கால்படாத மூலையில் குழியெடுத்து, உலர்ந்த சருகும் சிறிது சாணமும் கலந்து மூடினால், சில மாதங்களில் அம்மாலைகளே மல்லிகைக்கு எருவாகும். நைலான் நூலும் ஜிகினாவும் மட்கா. அவற்றை முன்னரே நீக்கிவிட வேண்டும்.